ஒரு முட்டைக்குப் பன்னிரண்டின் எடை

விடிகாலையில் எனக்கென்று ஒரு முட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கடை திறக்கப் போகும் என் அப்பாவுக்கு,

இன்று புதன்கிழமை. நம் கணபதிப் பகுதியில் காலையிலிருந்து தூறிக்கொண்டே இருக்கிறது. நம் கடைத் தகரக் கூரையில் அது விழுவதைக் கேட்டால், யாரோ தூரத்தில் அரிசி புடைப்பது போல இருக்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. பெருந்துறைப் பக்கத்துப் பண்ணை வண்டி இப்போதும் ஆறரைக்கே வந்துவிடுகிறது. அம்மாதான் முட்டை அட்டைகளை இறக்கி வைக்கிறாள். நான் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போகும்வரை அவளோடு நிற்கிறேன். உடைந்த முட்டைகளைத் தனியே எடுத்து வைக்கும்போது, நீங்கள் செய்வது போலவே நாக்கைச் சப்புக்கொட்டுகிறாள். நான் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை.

உங்களுக்கு எழுதுவதை ஏன் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தாலே ஜன்னலைச் சாத்துகிற பெண் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைத் தனியாக எழுத முடியாது அப்பா. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். முதலில் அந்தத் தராசு.

இப்போதும் அது கல்லாமேசையின் ஓரத்தில்தான் இருக்கிறது. கால்வட்டமாக வளைந்த தகர முகம். ஒரு பக்கம் முட்டை உட்காரச் சின்னக் கிண்ணம், மறுபக்கம் இரும்புக் குண்டு. முட்டையை வைத்ததும் முள் எழுந்து, தூக்கத்தில் நடப்பவர் போலத் தயங்கித் தயங்கிப் போய் ஓர் இடத்தில் நிற்கும். நாம் முட்டையை எண்ணி விற்பவர்கள். எடை பார்க்க நமக்கு அவசியமே இல்லை. ஆனாலும் நீங்கள் தினமும் முதல் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து அதில் வைப்பீர்கள்.

"எதுக்குங்கப்பா?" என்று கேட்டால், "கோழிகளுக்கு இன்னிக்கு மனசு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன் அம்மணி" என்பீர்கள்.

சித்திரை வெயிலில் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் மெல்ல ஏறும். பருவம் மாறுவதைக் காலண்டரில் பார்க்காமல் ஒரு முள்ளின் நுனியில் பார்த்து வளர்ந்தவள் நான். பள்ளியில் படித்தபோது அல்ல; கல்லூரி முடிக்கிற வயதில்தான் அந்தத் தராசு வந்தது. ஆனால் நினைவில் ஏனோ அது எப்போதும் இருந்தது போலத்தான் இருக்கிறது.

அது வந்த நாளை மறக்கத்தான் நாம் மூவரும் ஐந்து வருடம் பாடுபட்டோம். இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

சந்துக்குள் இருந்த கடையை மெயின்ரோட்டுக்கு மாற்றிய நாள் அது. கோட்டைமேட்டிலிருந்து உங்கள் சிநேகிதர் கரீம் மாமா, அத்தையோடு வந்திருந்தார். பழைய பித்தளைச் சாமானும் தராசும் எடைக்கல்லும் விற்கிற கடை அவருடையது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் செய்த வியாபாரம். செய்தித்தாளில் சுற்றி அவர் ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார்.

"என்னங்க மாமா இது, பொம்மையாட்ட?" என்று நான்தான் பிரித்தேன்.

"முட்டைத் தராசு மருமவளே. கொடைக்கானல்ல ஒரு வெள்ளக்காரப் பாதிரியார் பங்களாச் சாமானோட வந்துச்சு. பாத்ததும் உங்கப்பன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு."

"ஏன், என்ற மூஞ்சி முட்டையாட்டவா இருக்குது?" என்றீர்கள்.

"முட்டையாட்ட இருந்தாத்தான் பரவால்லையே. முட்டை எடுத்துப்போட்ட அட்டையாட்ட இருக்குது."

வண்டி டிரைவர், எதிர் டீக்கடைக்காரர், பேக்கரிக்கு வாங்க வந்தவர்கள் என்று வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். சிரித்துக்கொண்டே ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தீர்கள். முகத்தில் எழுத்தெல்லாம் துருவேறிப் போயிருந்தது, எண்கள் மட்டும் மிச்சம். முள் இருபத்து மூன்றில் நின்றது.

"இருபத்தி மூணு என்ன?" என்றீர்கள். அதே முட்டையை நம் மின்தராசில் வைத்தீர்கள். ஐம்பத்து நாலு கிராம்.

"அவுன்சா இருக்கும்" என்றார் மாமா.

"அவுன்சுன்னா ஒரு முட்டை ரெண்டு கூட வராது."

"அப்பத் தோலா."

"தோலான்னா அஞ்சு கூட வராது."

டீக்கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "இத்தன வருசம் முட்டை ஏவாரம் பண்றவருக்கே ஒரு முட்டை எடை புடிபடலையாட்ட இருக்குது" என்று ஒரு போடு போட்டார். மறுபடியும் சிரிப்பு. உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"தராசு சரியாத்தான் இருக்கும். உனக்குத்தான் பாக்கத் தெரியல" என்றார் மாமா, இன்னமும் விளையாட்டாகத்தான்.

"கள்ளத் தராசக் கொண்டாந்து என்ற கடை வாசல்ல வெக்கிறயா கரீமு?"

நீங்கள் அதைச் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே? நான் கள்ளத் தராசு குடுக்கறவனா?" என்று கேட்டார். நீங்கள், "நான் சொல்லல, தராசே சொல்லுது" என்றீர்கள். மாமா படியிறங்கிப் போனார். அத்தை பாதி குடித்த டீயை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தார்.

மூன்று தலைமுறையாக எடைக்கல் விற்கிறவர். அளவில் மோசடி செய்வதைப் பெரும்பாவமாகச் சொல்கிற மார்க்கத்தில் ஐந்து வேளை தொழுகிறவர். அவரைப் பத்துப் பேர் முன்னால் நாம் அப்படிச் சொல்லிவிட்டோம். நாம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று என் கையில் போன் இருந்தது அப்பா. அந்தத் தராசைப் படமெடுத்துத் தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். உலகத்தில் உள்ளதையெல்லாம் படிக்கிறவள் என்று பெயர் எடுத்த நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஆனால் நீங்கள் அதைத் தூக்கி எறியவில்லை. மூன்றாம் நாள் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கால்வட்டமாக வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, பழைய எண்களின் மேல் ஒட்டினீர்கள். ஒவ்வொரு முட்டையாக மின்தராசில் நிறுத்து, முள் நிற்கிற இடத்தில் கோடு போட்டு, நாற்பது முதல் எழுபது கிராம் வரை எழுதினீர்கள். கீழே உங்கள் சாய்ந்த எழுத்தில் சிறுசு, நடுத்தரம், பெருசு. "திருத்திப்போட்டேன்" என்றீர்கள். அதன் பிறகு ஒரு நாள் விடாமல் அதைப் பார்த்தீர்கள். முட்டையைத்தான் பார்த்தீர்களா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நீங்கள் போன அன்றுதான் மாமா மறுபடி வந்தார். தெருமுனை வேப்பமரத்தடியில் குல்லாவோடு நின்றார். உங்களை ஏற்றிய வண்டி புறப்பட்டதும் போய்விட்டார். அம்மாவும் பார்த்தாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், மழையில் வியாபாரம் இல்லாத நேரத்தில், தராசைப் படமெடுத்துத் தேடினேன். எங்கோ ஒரு தூரதேசத்து அருங்காட்சியகம் தன் பண்ணைச் சாமான்களையெல்லாம் படம் போட்டு வைத்திருந்தது. அதே கால்வட்டம். அதே குண்டு. நம்முடையதில் துரு தின்ற எழுத்து அதில் பளிச்சென்று இருந்தது. ஒரு டஜனுக்கு இத்தனை அவுன்ஸ்.

புரிகிறதா அப்பா? ஒரே ஒரு முட்டையைத்தான் வைப்பார்கள். ஆனால் அதைப்போல் பன்னிரண்டு இருந்தால் எவ்வளவு எடை என்று முள் சொல்லும். ஐம்பத்து நாலு கிராம் முட்டை, டஜனுக்கு ஏறக்குறைய இருபத்து மூன்று அவுன்ஸ். முதல் நாளே அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அன்றிலிருந்து அதன் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கப் பண்ணைகளில் முட்டை வீட்டுப் பெண்களின் வரும்படியாக இருந்ததாம். கூடையில் எடுத்துப் போய் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுச் சர்க்கரையும் துணியும் வாங்கி வருவார்கள். புறா முட்டை அளவுக்கு இருந்தாலும் வாத்து முட்டை அளவுக்கு இருந்தாலும் டஜன் டஜன்தான், விலை ஒன்றுதான். பிறகு எடையை வைத்துத் தரம் பிரிக்கிற வழக்கம் வந்தது. வந்ததும் வீட்டுக்கு வீடு, சமையல் மேசைக்கு மேசை, இந்தச் சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது. தகரத்தில், அலுமினியத்தில், சிவப்பிலும் பச்சையிலும் பட்டை போட்டு. ஐரோப்பாவில் சில ஊர்த் தராசுகள் ஒற்றை முட்டையின் கிராமைச் சொல்லும். அமெரிக்காக்காரருக்கு டஜன்தான் முட்டை. பின்னால் பெரிய எந்திரங்கள் வந்தன. முட்டைகள் தாமாக உருண்டு தாமாகப் பிரிந்தன. மேசைத் தராசுகள் பரணுக்குப் போயின. ஒன்று மட்டும் எந்தப் பாதிரியாரின் பெட்டியிலோ கடல் தாண்டி, மலையேறி, மலையிறங்கி நம் கடைக்கு வந்துவிட்டது.

நமக்கு முட்டை என்றால் அட்டைக்கு முப்பது. அட்டையைத் தவிர நம் கை எதையும் அறியாது. வேறு யாராவது, எதையும் டஜன் கணக்கில் வாங்குகிற ஒரு தையல்காரரோ ஸ்டேஷனரிக் கடைக்காரரோ, இருபத்து மூன்றைப் பார்த்ததும் டஜன் என்று நினைத்திருக்கக்கூடும். முட்டைக்காரர்களான நமக்குத்தான் அது தோன்றவே வழியில்லை.

சில சாயங்காலங்களில் நான் ஒரு முட்டையை அதில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இருக்கிற ஒன்றுக்குப் பக்கத்தில் இல்லாத பதினொன்றையும் அது எப்படிப் பார்க்கிறது? எங்கோ ஒரு சமையலறையில், முகம் தெரியாத ஒருத்தி, பனி பெய்கிற ஜன்னலோரம் இதே கிண்ணத்தில் முட்டை வைத்துவிட்டு முள் நிற்கக் காத்திருப்பது தெரிகிறது. அவள் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இங்கிலீஷ் வராது. இருவரும் முள்ளை மட்டும் பார்க்கிறீர்கள்.

மாமாவிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போய்ச் சேந்தவரக் கொண்டுபோயிக் குத்தவாளியா நிறுத்தறயா கண்ணு? எட்டு மாசங்கூட ஆவல."

"மாமா உசுரோட இருக்காருங்கம்மா. கள்ளத் தராசுங்கற பேரோட இருக்காரு."

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஓர் அட்டை முட்டை இருந்தது. "வெறுங்கையோட போவாதே" என்றாள்.

கோட்டைமேட்டில் கடை அப்படியேதான் இருக்கிறது. மாமாவுக்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கம்மணி, என்ன வேணுங்க?" என்றார். மருமவளே என்று கூப்பிட்டவர். நம் ஊர் மரியாதையை வைத்து ஓர் ஆளை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தராசை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் படத்தைக் காட்டினேன்.

"போன்ல ஆயரங் காட்டுவாங்க. நெலாவுல டீக்கடை இருக்கறதாக்கூடக் காட்டுவாங்க. எனக்குத் தராசு காட்டோணும்" என்றார்.

அதற்கு உங்கள் தாளை எடுக்க வேண்டும். உங்கள் எழுத்து அது. நான் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தைதான் உள்ளிருந்து வந்து, "குடு கண்ணு, கிழியாம எடுத்துத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டார். டீ கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியில் காட்டி, விரல் நகத்தால் ஓரம் ஓரமாகத் தூக்கினார். குழந்தையின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்குவது போல. தாள் முழுதாக வந்துவிட்டது. அடியில் பழைய எண்கள்.

மாமா நம் முட்டைகளில் ஒன்றைக் கிண்ணத்தில் வைத்தார். இருபத்து மூன்று. அட்டையிலிருந்து அதே பருமனில் பதினொன்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, அதே இருபத்து மூன்றில் முள் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தார். தன் பெரிய பித்தளைத் தராசின் இரு தட்டிலும் ஒரே மாதிரிக் கூடை வைத்தார். ஒன்றில் பன்னிரண்டு முட்டை. மற்றதில் பழைய பவுண்டுக் கல் ஒன்று, அது பதினாறு அவுன்ஸ். பிறகு நாலு, பிறகு ரெண்டு, பிறகு ஒன்று. தட்டுகள் ஆடின. முட்டைத் தட்டு ஒரு நூல் தாழ்ந்து நின்றது, அவ்வளவுதான்.

மாமா கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பிறகு, "எனக்கும் தெரியாது அம்மணி. தராசு சரின்னு நானும் தெரிஞ்சு சொல்லல. வாய்க்கு வந்துச்சு, சொன்னேன்" என்றார்.

"எங்கப்பா சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறனுங்க மாமா. நானும் அன்னிக்குப் பேசாம நின்னேன். அதுக்கும்."

"நீ கேட்டு என்ன பண்ண? கேக்க வேண்டியவன் போயிட்டானே." பித்தளைக் கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

அப்பா, ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. 'ஆஸ்பத்திரியில் அப்பா உங்கள் பெயரைச் சொன்னார், வரச் சொன்னார்' என்று நானே கட்டிவிட்டிருக்கலாம். அவர் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லிவிடு என்பது போல. ஆனால் அந்தக் கடையில், அத்தனை எடைக்கற்களுக்கு நடுவில், எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க மாமா. ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா அந்தத் தராச ஒரு நாளுங்கூடத் தொடாம இருக்கலீங்க."

தலையை மட்டும் ஆட்டினார். பிறகு காய்ந்துகொண்டிருந்த உங்கள் தாளை எடுத்தார். "இத என்ன பண்ணப் போறே?"

"நோட்டுக்குள்ள வெச்சுக்கறனுங்க."

"இரு. அவன் கணக்குச் சரியான்னு பாத்துப்போடலாம்."

உங்கள் தப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! தாளை அதன் இடத்தில் பொருத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கிராம் கற்களை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் வைத்தார். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. எழுபது வரை போனார். முள் உங்கள் கோடுகளை விட்டு நகரவே இல்லை.

"கிறுக்குப்பய, சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும். அத்தையிடம் பசை காய்ச்ச மைதா இருக்கிறதா என்று கேட்டார்.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "எங்கிட்டச் சொல்லிப்போட்டே, சரி. ஆனா அன்னிக்கு நின்னவங்க யாரும் இங்க இல்லீல்ல மருமவளே? அந்த டீக்கடைக்காரன் இன்னிக்கும் என்னப் பாத்தா ஒரு மாதிரி சிரிக்கிறான்."

"அங்கயே வந்து சொல்றனுங்க மாமா. ஆனா நாலு பேரு முன்னால எனக்குப் பேச வராதுங்க."

"எழுதிட்டு வந்து படி. எப்பப் பாத்தாலும் எதையாச்சும் எழுதிட்டுத்தான இருப்பே? வெள்ளிக்கெழம தொழுகை. வியாழக்கெழம காத்தால வாரேன்."

ஆகவே இந்தக் கடிதம். உங்களுக்கு எழுதியதுதான். ஆனால் வண்டி டிரைவரும் பேக்கரிக்காரரும் டீக்கடைக்காரரும் கேட்க வேண்டும் என்பதற்காகவும் எழுதியது. ஊரே கேட்டாலும் நல்லதுதான். அம்மா இப்போது உள்ளே வந்து, "நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு எல்லாரையும் இருக்கச் சொல்லிப்போட்டேன். உன்ற தொண்டைக்கு வெந்நி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா, நாளைக் காலை, அன்று நீங்கள் நின்ற அதே படியில் நிற்பேன். கரீம் மாமா கொடுத்தது நல்ல தராசு, என் அப்பா சொன்னது தப்பு என்று படிப்பேன். குரல் நடுங்கும். காதில் விழாதவர்களுக்காக இன்னொரு தடவை படிப்பேன். நீங்கள் இருந்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்பதுதான் உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மூக்கும் பிடிவாதமும் வாய்த்த மகள்,
கார்த்திகா